எந்தப் போனில் தெளிவாகக் கேட்கிறது?

அத்தியாயம் 9

சுகந்தியின் இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது காதில் பாதிதான் மிச்சம். இது தென்காசியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி சுகந்தி. மற்றவன், போன வாரம் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதைச் சோதித்துப் பார்த்த பிரின்ஸ்.

வீட்டில் அவள் சொல்லிவைத்திருந்தது வேறு.

"போன் சரியில்ல. சத்தமே வர மாட்டேங்கு."

மூன்று மாதமாக இதையே சொன்னாள். வீட்டார் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல், அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுப்பதென்று முடிவும் செய்துவிட்டார்கள். அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள்.

எந்தப் போன் என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்திருந்தது. மகள் ஜெயபிரியா ஒன்றைச் சொன்னாள். தம்பி விஜயசங்கர் அதற்குப் போட்டிக் கம்பெனியின் போனைச் சொன்னான். கம்பெனிப் பெயர்கள் சுகந்தியின் வாயில் நிற்கவில்லை. அவளுக்கு ஒன்று மகள் போன், மற்றது தம்பி போன்.

வியாழக்கிழமை காலையிலும் அதே பேச்சுத்தான். விஜயசங்கர் செங்கோட்டை ஸ்டேஷனில் ஏட்டு. டூட்டிக்குப் போகிற வழியில் அக்கா வீட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, நாலு தோசை சாப்பிட்டுவிட்டுப் போவது அவன் வழக்கம்.

"எம்மா, கேமராவுல இத அடிச்சுக்க ஆளே கிடையாது. நான் சென்னைல இருந்து வீடியோ கால் போட்டா பக்கத்துல நிக்க மாதிரி இருக்கும்" என்றாள் ஜெயபிரியா.

"கேமராவ வச்சு அக்கா என்ன செய்யப் போறா? லாட்ஜ்ல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பேசுதா. அவளுக்குப் பேட்டரிதாம்ட்டி முக்கியம்."

"ஒங்க போன கையில பிடிச்சாச் செங்கல் கணக்கா இருக்கு மாமா."

"இருந்துட்டுப் போகுது. ஆனா ஒண்ணு. எதுவா இருந்தாலும் இப்ப வாங்கக் கூடாது. செப்டம்பர்ல ரெண்டு கம்பெனியும் புது மாடல் விடுதான். அது வந்த அன்னைக்கு இதுக்கு மவுசு போயிரும்."

சுகந்தி காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

"அவன் சொல்லுததும் சரிதான? மூணு மாசம் பொறுப்போமே" என்றாள்.

மார்ச்சிலும் இப்படித்தான் சொன்னாள். அப்போது வேறொரு மாடல் வர இருந்தது. உலகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு புது மாடல் வரப்போகிறது. அது அவளுக்கு வசதியாக இருந்தது. போன் வாங்காத வரைக்கும் குற்றம் போன் மேல்தான் இருக்கும்.

"மூணு மாசமா?" என்று உள்ளறையிலிருந்து அவள் கணவர் முத்துராஜின் குரல் வந்தது. பீரங்கிப் படையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு, இப்போது ஒரு வங்கியில் காவலுக்கு நிற்கிறவர். "பிள்ள ஞாயித்துக்கெழம சென்னைக்கு வேலைக்குக் கெளம்புதா. பெறகு யாரு கடைக்கு வந்து பாத்து வாங்குவா? எனக்கு இந்த எழவெல்லாம் தெரியாது."

ஜெயபிரியா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மகள் ஊரை விட்டுப் போகிற வருத்தம் என்று சுகந்தி எடுத்துக்கொண்டாள்.

*

குற்றாலத்தில் சீசன் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் காலையிலேயே வேன்கள் வரிசையாக நின்றன. மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் லாட்ஜில் சுகந்திக்கு இது பத்தொன்பதாவது சீசன். ரூம் கேட்டுப் பேசுகிறவர்களுக்கு அவள் எண்ணைத்தான் தெரியும். விருதுநகர்க்காரர்கள், மதுரைக்காரர்கள் எல்லாரும் "சுகந்தி மேடம்" என்று குரலை வைத்தே பேசுவார்கள். பாதிப் பேரை அவள் நேரில் பார்த்துக்கூட இல்லை.

பத்து மணிக்கு ஒரு வேன் வாசலில் வந்து நின்றது. கோவில்பட்டி வாத்தியார் குடும்பம். ஒன்பது பேர், அதில் ஒரு கைக்குழந்தை.

"மூணு ரூம் சொல்லியிருந்தேன் மேடம்."

சுகந்தி நோட்டைப் புரட்டினாள். அவர் பெயர் இருந்தது. பதினேழாம் தேதியில் இருந்தது.

"சார், நீங்க பதினேழுன்னுலா சொன்னிய?"

"பதினொன்னு மேடம். ரெண்டு தடவ சொன்னேன். நீங்களும் சரி சரின்னிய."

அவள் சரி சரி என்று சொல்லியிருப்பாள். சந்தேகமே இல்லை. இப்போதெல்லாம் அவள் போனில் அதிகம் சொல்லும் சொல் அதுதான்.

லாட்ஜில் ஒரு ரூம்கூடக் காலி இல்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. குழந்தையை வைத்திருந்த பெண் சேலைத் தலைப்பை அதன் மேல் மூடிக்கொண்டு ஓரமாக நின்றாள். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சுகந்திக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மந்திரமூர்த்தியே எழுந்து வந்தார். தன் சித்தப்பா மகன் லாட்ஜுக்குப் பேசி இரண்டு ரூமுக்கு ஏற்பாடு செய்தார். வாத்தியாரின் பெட்டி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். பிறகு மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இந்த மாசத்துல இது மூணாவது சுகந்தி."

"போன் அண்ணாச்சி..."

"தெரியும்மா. போன் சரியில்லன்னுதான் நீயும் சொல்லுத. நான் ஒண்ணும் கோவிக்கல. திங்கக்கெழமல இருந்து இசக்கிச்செல்வி இங்கன உக்காரட்டும். நீ மேல ரூமப் பாத்துக்க. புதுப் போன் வந்ததும் ஒன் நாற்காலி ஒனக்கு."

இசக்கிச்செல்வி கணக்குப் பிரிவில் இருக்கும் பெண். நல்ல பெண். நன்றாகக் காது கேட்கும் பெண்.

"எப்ப வாங்குத?" என்றார் அண்ணாச்சி.

செப்டம்பர் என்று நாக்கு நுனிவரை வந்தது. சுகந்தி அதை விழுங்கினாள்.

"இன்னைக்கு அண்ணாச்சி."

மகளுக்கு மெசேஜ் அனுப்பினாள்: சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைக்கு வா, மாமாவையும் கூப்பிடு. அனுப்பிய பிறகுதான், புதுப் போனிலும் தனக்குக் கேட்கப்போவதில்லை என்பது அவள் நினைவுக்கு வந்தது.

*

ஆதமின் போன் கடை சன்னதி பஜாரில் இருந்தது. சின்னக் கடைதான். இரண்டு போனையும் கண்ணாடி மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டு ஆதம் கேட்டான்:

"சத்தந்தானக்கா பிரச்சினை? இதுல என்ன யோசன? பேசியே பாத்துருவோம்."

சுகந்தியின் சிம்மை எடுத்து முதலில் மகள் போனில் போட்டான். ஜெயபிரியா தன் போனோடு வெளியே போனாள். தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் பூக்கடை ஓரமாக நின்றுகொண்டு அழைத்தாள்.

சுகந்தி வலது காதில் வைத்தாள்.

குரல் வந்தது. மகளின் குரல்தான். ஆனால் சொல் எதுவும் வரவில்லை. மூடிய கதவுக்கு அந்தப்புறம் இருந்து யாரோ பேசுவதுபோல ஏறி இறங்கியது. நேரில் என்றால் வாயசைவைப் பார்த்துப் பாதியைப் பிடித்துவிடுவாள். ஜெயபிரியாவோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ம்" என்றாள் சுகந்தி.

குரல் தொடர்ந்தது.

"சரி... ம்... சரிட்டி."

சோதனைக்கு இரண்டு வார்த்தை போதும். ஜெயபிரியா நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே இரண்டு எட்டு நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள்.

"என்னக்கா, ட்ரையலுக்கே இவ்வளவு நேரமா?" என்று ஆதம் சிரித்தான்.

குரல் கடைசியில் ஒரு மாதிரி மேலே ஏறி நின்றது. ஏதோ கேட்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. விஜயசங்கர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிட்டி. ஆகட்டும்" என்றாள் சுகந்தி.

எதிர்ப்பக்கம் ஜெயபிரியா திரும்பினாள். கண்ணைத் துடைத்தாள். வந்த ஸ்கூட்டரைக்கூடப் பார்க்காமல் தெருவைக் குறுக்காக ஓடி வந்து, கடைக்குள் எல்லாரும் பார்க்க அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"நீ இவ்வளவு லேசா சரிம்பன்னு நான் நெனைக்கவே இல்லம்மா."

"எதுக்குட்டி சரி?" என்றான் விஜயசங்கர்.

"அது எங்களுக்குள்ள மாமா."

"அப்ப சத்தம் தெளிவுதான?" என்றான் ஆதம்.

"தெளிவா இருக்கு" என்றாள் சுகந்தி.

பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தா வாரோம்" என்று வெளியே இறங்கினாள்.

*

பக்கத்துக் கோயிலின் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளியது. ஜூன் மாதக் காற்று அங்கே அப்படித்தான் அடிக்கும். சுவரை ஒட்டி ஒதுங்கி நின்றார்கள்.

நேராகக் கேட்க சுகந்திக்கு வாய் வரவில்லை. சுற்றிவளைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தாள்.

"எத்தன நாளா இது?"

"ஒரு வருசமா. ஒன்கிட்ட எத்தன தடவ சொல்ல வந்தேன் தெரியுமா? மூஞ்சியப் பாத்தாச் சொல்ல வரல. அதான் போன்ல சொல்லிட்டேன்." ஜெயபிரியா இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "எப்பாட்ட நீதான் பேசணும். சரின்னுட்ட. மாறக் கூடாது."

ஒரு வருடம். அப்பாவிடம் சொல்லப் பயம். சுகந்தி கணக்குப் போட்டுவிட்டாள்.

"யாருட்டி அந்தப் பையன்?"

"எந்தப் பையன்?"

ஜெயபிரியா மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"எம்மா, நான் என்ன சொன்னேன்?"

காற்றில் பறந்த சேலைத் தலைப்பைச் சுகந்தி இழுத்துச் செருகினாள்.

"நான் போன்ல என்ன சொன்னேன்? சொல்லு."

"கேக்கலட்டி. ஒரு வார்த்தகூடக் கேக்கல."

"அது புதுப் போன்மா."

"போன் நல்லாத்தான் இருக்கு. பழசும் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் காது கேக்கல."

ஜெயபிரியாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "அப்ப நான் அழுததுக்கெல்லாம் நீ சும்மா சரி சரின்னியா?" என்றாள். சொன்ன வேகத்திலேயே நிறுத்திக்கொண்டாள். அம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தன் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"எந்தக் காதும்மா?"

"இது கொஞ்சம் கேக்கும்."

ஜெயபிரியா சுற்றி அந்தப் பக்கம் வந்து நின்றாள். தோளில் கையைப் போட்டு, காதுக்கு அருகே வாயை வைத்து, ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

சென்னை வேலைக்கு அவள் போகப்போவதில்லை. வர முடியாது என்று போன வாரமே எழுதிவிட்டாள். மத்தியப் போலீஸ் படைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள், தேறிவிட்டாள், ஓட்டமும் தாண்டலும் முடிந்து உத்தரவும் வந்துவிட்டது. புதன்கிழமைக்குள் நாக்பூர் பக்கம் பயிற்சி முகாமில் இருக்க வேண்டும். பத்து மாதம். முதன்முதலில் அவள் விண்ணப்பம் போடப்போவதாகச் சொன்னபோது முத்துராஜ், "இந்தக் குடும்பத்துல யூனிபார்ம் என்னோடயும் ஒங்க மாமாவோடயும் போதும்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்திருந்தார். அதன் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை.

"அங்கன போன வாங்கி வச்சிருவாங்களாம்மா. ஞாயித்துக்கெழம மட்டும் தருவாங்க. பத்து நிமிசம்."

சுகந்தி நாக்பூரைப் பற்றியோ யூனிபார்மைப் பற்றியோ நினைக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நினைத்தாள். செப்டம்பர் வருவதற்குள் பதினோரு ஞாயிற்றுக்கிழமை வரும். பதினொன்றிலும் மகள் பேசுவாள். இவள் சரி சரி என்பாள். அவள் காய்ச்சல் என்று சொன்னாலும் சரி என்பாள். பிடிக்கவில்லை, வந்துவிடுகிறேன் என்று சொன்னாலும் சரி என்பாள்.

"வா" என்றாள் சுகந்தி. "கடைக்குப் போவோம்."

*

கைப்பையின் அடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அவள் மேஜை மேல் வைத்தாள். இரண்டு வாரம் போட்டுப் பார்க்கும்படி பிரின்ஸ் கொடுத்தனுப்பிய காதுக் கருவி. வீட்டில் ஆளில்லாதபோது ஒரே ஒரு தரம் மாட்டியிருக்கிறாள். இப்போது தம்பியும் ஆதமும் பார்க்க, இரண்டு காதிலும் மாட்டினாள்.

விஜயசங்கர் குனிந்து அக்காவின் காதைப் பார்த்தான்.

ஜெயபிரியா பிரின்ஸுக்குப் போன் செய்தாள். கருவி போனோடு நேராக இணைந்தால் குரல் நேரே காதுக்குள் வரும், ஆனால் எல்லாப் போனிலும் அது நடக்காது, ரெண்டுலயும் போட்டுப் பாருங்க என்றான் அவன். ஆதம் மகள் போனை எடுத்துப் பத்து நிமிடம் போராடினான். அணைத்தான், போட்டான், பிரின்ஸ் சொன்னபடியெல்லாம் செய்து பார்த்தான். இணையவில்லை.

"இதுல ஆகாதுக்கா."

கேமராவில் அடித்துக்கொள்ள ஆளில்லாத போனை ஜெயபிரியாவே எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

தம்பி போனில் சிம் மாறியது. சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுகந்தியின் காதுக்குள் மெதுவாக ஒரு மணி அடித்தது. அவள் திடுக்கிட்டு ஆதமைப் பார்த்தாள்.

"நான் போய்ப் பேசுதேன்" என்று விஜயசங்கர் எழுந்தான். யூனிபார்மோடு தெருவைக் கடந்து பூக்கடை ஓரமாகப் போய் நின்றான். பூக்காரர் அவசரமாகக் கூடையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அக்கா! கேக்கா?"

"ஏலே, எதுக்குக் கத்துத?"

ஆட்டோ ஒன்றின் ஹாரன் மட்டும் கேட்டது. அதுவும் தெளிவாகக் கேட்டது.

"ஏன்க்கா எங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னா லாட்ஜ்ல என் நாற்காலியப் பிடுங்கிருவாவோன்னு பயந்துட்டேன். சொல்லாமலே பிடுங்கிட்டாவ."

"நெசமா நான் பேசுதது கேக்கா?"

"கேக்குலே. நீ மூக்கை உறிஞ்சுததும் கேக்கு. உள்ள வா."

அவன் வந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. ஆனாலும் வழக்கம் விடவில்லை.

"வாங்கிரு. ஆனா செப்டம்பர்ல புதுசு வரும்போது வருத்தப்படக் கூடாது. அது இதவிட நல்லா வேல செய்யும்."

"வரட்டும். நீ வாங்கிக்க."

ஆதம் பில் போட உட்கார்ந்தான்.

*

வங்கி முடிந்து, அவர்களைக் கூட்டிப்போக முத்துராஜ் வந்தபோது ஆறு மணி. கடைக்குள் காலை வைத்ததும் மனைவியின் காதைப் பார்த்தார்.

"என்னது இது?" என்றார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சுகந்தி சொன்னாள். சுருக்கமாக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

"நான் பேசுததுக்கெல்லாம் பதில் சொன்னியே?"

"நீங்க பேசுதது தெருவுக்கே கேக்கும். எனக்குக் கேக்காதா?"

ஆதம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில்லைக் கிழித்தான். முத்துராஜ் சிரிக்கவில்லை. குனிந்து, தரையைப் பார்த்தபடி, அவள் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில், "இப்பம் கேக்கா?" என்றார்.

"கேக்கு."

"ம்" என்றார். பிறகு பழைய ஆளாக நிமிர்ந்தார். "நல்லதாப் போச்சு. பிள்ள சென்னைல எறங்குனதும் மொத கால் ஒனக்குத்தான். பொதிகைல கீழ் பெர்த்து கன்பார்ம் ஆயிட்டு, பாத்தியளா?"

ஜெயபிரியா அம்மாவைப் பார்த்தாள். விஜயசங்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறும் முன்புகூடச் சொல்லலாம். பொறுத்திருக்க எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும் என்பது சுகந்திக்குத் தெரியும். அவள் புதுப் போனைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஏங்க. பிள்ள சென்னைக்குப் போகல."

முத்துராஜ் மெதுவாகத் திரும்பினார்.

"என்ன சொன்ன?" என்றார்.

அவருக்குக் கேட்காமல் இல்லை.